கேரவனுக்குக் கேமரா மாட்டப் போன பயணம்

சனிக்கிழமை காலை ஏழரைக்குப் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து கிளம்பினோம். என் கணவர் காரை ஓட்ட, பின்னால் காரோடு கோத்த எங்கள் பழைய கேரவன் வந்தது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். ஓர் அடுப்பும் உண்டு. அதைப் பின்னால் எடுக்கும்போது, அதாவது கோஸ்தான் போடும்போது, நான் இறங்கி நின்று சத்தம் கொடுக்க வேண்டும். நாலு பேர் பார்க்கும் இடத்தில் எனக்குக் குரலே எழும்பாது. போன முறை நான் முனகியது அவர் காதில் விழாமல் கேரவன் மரத்தில் மோதிவிட்டது. "இன்னொரு தடவை இடிச்சா வித்துடலாம்," என்று சொல்லிவிட்டார். எனக்கு இந்தப் பயணங்களை விட மனமில்லை. கேமரா யோசனை என்னுடையதுதான்.

ஒன்பது மணிக்குச் சிம்பாங் ரெங்கம். ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். பட்டறைக்காரர் மோகன், கேரவனின் பின்பக்கம் கூரையை ஒட்டிக் கேமராவைப் பொருத்தினார். வயரை அடிவழியாகக் கொண்டுவந்து, காரோடு சேரும் இடத்தில் கொஞ்சம் தளர்வாக விட்டார். இல்லாவிட்டால் வளைவில் அறுந்துவிடுமாம். கோஸ்தான் போட்டால்தான் காரில் உள்ள திரை எரியும். கூலியோடு நானூற்று இருபது ரிங்கிட். "இனிமே அக்கா உள்ளேயே உக்காந்துக்கலாம்லா," என்றார்.

கணவரும் மோகனும் தேநீர் குடிக்கப் போனார்கள். புதுப் பொருளாயிற்றே என்று நான் மோகனின் ஏணியில் ஏறி, கேமராவின் நட்ட நடுவில் சந்தனம் தொட்டு, மேலே குங்குமம் வைத்தேன்.

பதினொன்றரைக்குக் குளுவாங், மலையடிவார முகாம். எங்கள் இடம் ஒரு மரத்துக்கும் ஓடைச் சரிவுக்கும் நடுவே. கோஸ்தான் போட்டதும் திரை எரிந்தது, முழுக்கச் சிவப்பு. கணவர் என்னைப் பார்த்தார். பொட்டு வைத்ததைச் சொன்னேன். ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தார்.

"அம்மன் பாத்துக்குவா. ஆனா கோஸ்தான் நீதான் சொல்லணும்."

துடைக்கலாம் என்றால் ஏணி சிம்பாங் ரெங்கத்தில் இருந்தது. பாதையில் இரண்டு கார்கள் எங்களுக்காகக் காத்து நின்றன. கூடாரங்களில் இருந்தவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இறங்கினேன். மறுபடி முனகல்தான் வந்தது. கேரவன் மரத்தை நெருங்கியது; நாலு விரல் இடைவெளி.

"நிறுத்துங்க! முன்னாடி போங்க. இப்ப லெஃப்ட் ஒடிங்க. ஐயோ, அந்த லெஃப்ட் இல்லைங்க!"

எங்கோ அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று அடங்கியது. மூன்றாவது முயற்சியில் கேரவன் எதிலும் உரசாமல் உள்ளே போய் நின்றது. பக்கத்துக் கூடாரத்து மலாய்க்காரர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். என் முகம் சுட்டது.

மாலையில் கணவர் நாற்காலி இரவல் வாங்கி ஏறி, கேமராவைத் துடைத்தார்.

ஞாயிறு காலை பத்து மணி. கிளம்பும் நேரம். சோதித்துப் பார்த்தோம், திரையில் மரம், சரிவு, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. நான் நிம்மதியாகப் பெல்ட் போட்டேன். அந்த மலாய்க்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். அவர் படகு ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் எடுக்க வேண்டுமாம். நேற்றுச் சத்தம் போட்ட அக்கா கொஞ்சம் வர முடியுமா என்று கேட்டார்.

"போ, அவருகிட்ட கேமரா இல்லை," என்றார் கணவர்.

பெல்ட்டைக் கழற்றி இறங்கினேன்.