மரியபுஷ்பத்தின் தணல்

பூமியைத் தோண்டிக் கரியை எடுத்து இரவும் பகலும் எரித்துக்கொண்டிருக்கிற ஊர் எங்கள் நெய்வேலி. வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்தால் புகைபோக்கிதான் கண்ணில் படும். ஆனால் எங்கள் பிளாக்கில் எந்த வீட்டிலாவது ஒரு துண்டு தணல் கிடைக்குமா என்றால் கிடைக்காது. எல்லாம் கேஸ், இல்லாவிட்டால் கரண்ட் அடுப்பு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடவும், தலைக்கு ஊற்றிய குழந்தைக்குப் புகை காட்டவும் நாங்கள் எல்லோரும் தூபக்காலோடு போய் நின்றது, வேப்பமரத்தடியில் துணி தேய்க்கும் மரியபுஷ்பத்திடம்தான்.

மரியபுஷ்பம் பக்கத்து மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருப்பவள். கணவன் ஜான் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து, பெர்மனென்ட் ஆகாமலேயே செத்துப்போனான். அவன் வாங்கிக்கொடுத்த இஸ்திரிப் பெட்டிதான் அவளுடைய பிழைப்பு. வாய் கொஞ்சம் நீளம். காலரில் அழுக்கு இருந்தால், "இன்னா சார், வூட்ல சோப்பு தீந்துபோச்சா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பாள். காலையில் மரத்தடி அடுப்பில் கொட்டாங்குச்சிக் கரி போட்டு மூட்டிய நெருப்பை நாள் முழுக்க அணையவிடமாட்டாள். கிளம்பும்போது சாம்பலால் மூடிச் சட்டியில் எடுத்துப்போவாள். அவள் வீட்டு அடுப்பு அதில்தான் எரியும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் தூபத்துக்கும் அதிலிருந்துதான் போகும்.

"தீக்குச்சி கிழிக்கிறது ஒரு வேலையா? அணையாம வச்சிகினு இருக்கறதுதாங்க வேலை" என்பாள்.

நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். ஆதிமனிதன் கல்லை உரசித் தீயைக் கண்டுபிடித்தான் என்று வருடாவருடம் சொல்லிக்கொடுக்கிறேன். தீ வந்த பிறகு பச்சையாகத் தின்றவன் சமைத்துத் தின்றான், மிருகம் தள்ளி நின்றது, சுற்றி உட்கார்ந்தவர்கள் கதை பேசினார்கள். கல்யாணத்துக்குத் தீ சாட்சியானது, பிணத்துக்கு முன்னால் தீ நடந்தது. எல்லாம் சரி. கண்டுபிடித்தவனுக்குப் பாடம் இருக்கிறது. மழையிலும் காற்றிலும் அதை அணையாமல் பார்த்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாளே, அவளுக்கு ஒரு வரி கிடையாது. இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2015 ஆடி மாதம். குடியிருப்போர் சங்கத்துக்குச் சக்கரபாணி செயலாளர் ஆனார். மின்நிலையத்தில் இன்ஜினியர். வந்ததும் அவர் கண்டுபிடித்த முதல் குற்றம் மரத்தடிப் புகை. வாக்கிங் போகும்போது இருமல் வருகிறதாம். கொதிகலன் பக்கத்தில் ஷிப்ட் பார்க்கிற மனிதருக்குக் கொட்டாங்குச்சிப் புகை ஒத்துக்கொள்ளவில்லையாம்! செக்யூரிட்டி ஜெயராமனை வாளித் தண்ணீரோடு கூட்டிவந்தார்.

"சார், வூட்டுக்குப் போற வரைக்கும் வுடுங்க. நானே எடுத்துகினு போயிடறேன்" என்றாள் மரியபுஷ்பம்.

ஜெயராமன் தயங்கினான். சக்கரபாணியே வாளியைப் பிடுங்கி, அடுப்பிலும் சூடான பெட்டியிலும் சேர்த்து ஊற்றினார். பெட்டியின் அடி விரிசல் விட்டது. நாங்கள் நாலைந்து பெண்கள் கத்தியதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. அவருடைய தாயார் மாணிக்கம்மாள் மட்டும் மாடியிலிருந்து, "அடப்பாவி, அடுப்புல தண்ணி ஊத்தலாமா?" என்று அழுதார். வெள்ளிக்கிழமை தவறாமல் தூபக்காலோடு இறங்கி வந்து, மரியபுஷ்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவர் அவர்.

பிறகு மரியபுஷ்பம் மந்தாரக்குப்பத்தில் தன் வீட்டு வாசலிலேயே தேய்த்தாள். விரிசல் வழியாகப் பொறி விழுந்து துணி பொசுங்கியது. வாடிக்கை பாதி போனது.

நவம்பரில் விடாத மழை. அந்த மழையில் மாணிக்கம்மாள் இறந்துபோனார். கொள்ளிச்சட்டிக்கு வைத்திருந்த வறட்டியெல்லாம் நமத்துப்போய், எத்தனை தீக்குச்சி கிழித்தும் பற்றவில்லை. கற்பூரம் எரிந்து தீர்ந்ததுதான் மிச்சம். ஊருக்கே கரண்ட் கொடுக்கிற இடத்தில் ஒரு கிழவியை வழியனுப்ப நெருப்பில்லை. கடைசியில் சக்கரபாணி என்னிடம் வந்து, "அந்த அம்மா வீடு தெரியுமா டீச்சர்?" என்றார். ஈரவேட்டியோடு சட்டியும் கையுமாக அவர் வர, நான் வழி காட்டினேன்.

மரியபுஷ்பம் எழுந்திருக்கவில்லை.

"தண்ணி ஊத்தின கையி இதுதானே? இப்ப இன்னாத்துக்கு நெருப்பு?"

"அம்மா போய்ட்டாங்க" என்றார்.

அவள் முகம் மாறியது. சிலுவை போட்டுக்கொண்டாள். சட்டியை வாங்கி, அடுப்பிலிருந்து நல்ல தணலாகப் பார்த்து இடுக்கியால் எடுத்து நிரப்பினாள். "ஆயாவுக்காகத் தர்றேன். உனக்கில்ல. குந்தி ஊது" என்றாள். அவர் குந்தி உட்கார்ந்து ஊதினார். புகை மூக்கில் ஏறி இருமினார், அழுதார். எழும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "காரியம் முடியட்டும்னுகூட இல்லம்மா. திங்கக்கிழமையே மரத்தடிக்கு வந்துடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

நம்பினாள். திங்கட்கிழமை தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மரத்தில் 'நெருப்பு மூட்டக் கூடாது' என்று புதுப் பலகை தொங்கியது. ஜெயராமன் வாளியோடு நின்றிருந்தான்.

"ஐயா அன்னிக்கு துக்கத்துல சொல்லிட்டாராம்மா. சங்கத்துல ஒத்துக்கலையாம். நான் இன்னா பண்றது, என் வேலை போயிடும்" என்றான். அவள் வாயே திறக்காமல் வண்டியைத் திருப்பினாள். அவள் பேசாமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

காரியத்தன்று படத்துக்குத் தூபம் போடத் தணல் வேண்டும். கொஞ்சமும் கூச்சமில்லாமல், தூபக்காலைக் கொடுத்து ஜெயராமனை அவளிடமே அனுப்பினார் சக்கரபாணி. நாங்கள் எல்லோரும் கூடத்தில் காத்திருந்தோம். ஐயர் இரண்டு தடவை வாசலைப் பார்த்தார்.

ஜெயராமன் தூபக்காலைத் துண்டால் மூடி எடுத்துவந்தான். துண்டை விலக்கினால் உள்ளே கரி. கறுப்பாக, சொதசொதவென்று, அடியில் தண்ணீர் நின்றது.

"நெருப்பு எங்கடா?" என்றார் சக்கரபாணி.

ஜெயராமன் தலையைக் குனிந்துகொண்டான். "நல்லா எரிஞ்சிகினு இருந்த தணலைத்தான் எடுத்துப் போட்டுச்சுங்க. அப்புறம் ஒரு சொம்பு தண்ணிய ஊத்திச்சு. ஆயாவுக்குக் குடுக்க வேண்டியத அன்னிக்கே குடுத்தாச்சாம். இது ஐயா குடுத்ததாம், திருப்பிக் குடுக்கச் சொல்லிச்சு."

தூபக்காலிலிருந்து ஈரச் சாம்பல் வாடை வந்தது. சக்கரபாணி அதைக் கையில் வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றார்.