சாகவிட்ட பேரிங்

குவீன்ஸ்லாந்தில் எங்கள் சர்க்கரை ஆலையில் லெஸ்டர் கொராடிக்கு ஒரே வேலைதான்: எண்ணெய் விடுவது, கிரீஸ் அடிப்பது. கையில் கிரீஸ் கன்னோடு பாய்லருக்கும் அரவைக்கும் நடுவே நடந்தே கிழவரானவர். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட மனைவி பெவர்லியோடு ஆலை கொடுத்த வீட்டில் இருந்தார். வேலை போனால் வீடும் போகும். அவருடைய பயமெல்லாம் அது ஒன்றுதான்.

இந்த அரவைப் பருவத்தில் பிரையனி என்ற தலைமை இன்ஜினியர் வந்தாள். பாய்லர் ஃபேன்களில் தீப்பெட்டி அளவு சென்சார்களை ஒட்டினாள். கம்பி கிடையாது, அதிர்வும் சூடும் தானாகவே அவள் திரைக்குப் போய்விடும். ஆனால் ஃபேனின் அச்சைத் தாங்கும் பேரிங் ஒன்று கெட்டுப்போகும்போது எப்படித் துடிக்கும் என்று அந்தக் கருவிகளுக்குத் தெரியாதாம். அதைக் கற்றுக்கொடுக்க ஒன்றைச் சாகவிட வேண்டுமாம். இரண்டாம் நம்பர் ஃபேனைத் தேர்ந்தெடுத்தாள்.

“லெஸ், இதுக்கு மட்டும் கிரீஸ் போடாதீங்க. ப்ளீஸ்.”

தேன் ஒழுகப் பேசுவாள், பாவி.

கொஞ்ச நாளிலேயே ஃபேன் அலற ஆரம்பித்தது. எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

“யோவ் லெஸ், உன் ஆளு கூப்பிடுறா, காது கேக்கலையா?” என்றான் ஃபிட்டர் டாரல். “வீட்ல ஒருத்தி படுத்துட்டா, இங்க ஒருத்தி கத்துறா. குடுத்து வச்சவன்யா நீ!”

டீ அறையே சிரித்தது. லெஸ்டர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். மனுஷனுக்குத் தாங்கவில்லை. அந்த பேரிங்குக்குக் கிரீஸ் அடித்துவிட்டார்.

திரையில் அதிர்வைக் காட்டும் கோடு பொத்தென்று விழுந்தது. பிரையனி கணினியை டீ அறைக்கே தூக்கிவந்து எல்லோர் முன்னாலும் காட்டினாள். யார் செய்தது என்று கேட்கவே இல்லை.

“திரும்பக் கை வச்சா வேலை இருக்காது, லெஸ். இனிமே நீங்களே ஃபேன் பக்கத்துல நில்லுங்க. வேற யாரும் கிரீஸ் போடாம பாத்துக்குங்க.”

நின்றார். வீட்டுக்காக நின்றார். அந்த பேரிங் புகைந்து, தேய்ந்து, இறுகிப்போகும்வரை வெறுங்கையோடு நின்றார். 

மறுநாள் பிரையனி கேக் வாங்கிவந்தாள். கருவிகள் எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டனவாம். இனி எந்த பேரிங்குக்கு எப்போது கிரீஸ் என்று அவையே சொல்லுமாம். தானாகக் கிரீஸ் விடும் டப்பாக்களும் வந்திறங்கிவிட்டன.

“லெஸ் இல்லாம இது நடந்தே இருக்காது. எல்லாரும் கை தட்டுங்க!”

தட்டினார்கள். லெஸ்டரின் முகம் மலர்ந்தது. கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்துவிட்டார் அந்த அப்பாவி.

“நாளைக்கு எந்த ஃபேன்கிட்ட நிக்கணும்?” என்று கேட்டார்.

“நாளைக்கா?” என்றாள் அவள், கேக்கை மென்றபடி. “பெவர்லிக்குத் துணையா இருங்க, லெஸ். வீட்டைக் காலி பண்ண மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன்.”