தளராத லாடம்

வீட்டில் அவளை 'வாலு' என்பார்கள். வயது இருபத்தொன்று. காலையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் திருகு முடுக்கும் வேலை, மத்தியானத்துக்கு மேல் குதிரை லாயம். நளின நடை, காட்டுப்பாதை ஓட்டம், மைதானத்தில் தடை தாண்டல் என மூன்றையும் ஒரே குதிரையில் முடிக்க வேண்டிய போட்டியில் ஐந்து வருடமாகக் கலந்துகொள்கிறாள். குதிரையின் பெயர் சாம்பல்.

போன பருவத்தின் கடைசிப் போட்டியில், காட்டுப்பாதையில் ஒரு பள்ளத்தைத் தாண்டும்போது சாம்பலின் முன்கால் இடறியது. வாலு பள்ளத்துக்குள் உருண்டாள். அவளிடமிருந்து அரை அடி தள்ளி குதிரை தொப்பென்று விழுந்தது. முறிந்த அவள் தோள்பட்டை எலும்பு இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை.

புதிய பருவத்துக்கு மூன்றே வாரம் இருந்தது. பயிற்சித் திடலிலும் ஒரு பள்ளம் உண்டு. இருபதடி தூரத்தில் வரும்போதே உள்ளங்கை வியர்க்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கை தானாகக் கடிவாளத்தைத் திருப்பிவிடும். பயிற்சியாளர் கேட்டால், "லாடம் ஆடுது" என்பாள்.

மூன்றாம் முறையாக லாடக்காரர் வந்தார். வயது முப்பதுதான், ஆள் ஆனை போல இருப்பார். நான்கு குளம்புகளையும் தூக்கித் தட்டிப் பார்த்தவர், சுத்தியலைப் பெட்டிக்குள் ணங்கென்று போட்டார்.

"ஏம்மா, நான் அடிச்ச லாடம் நிக்கவே மாட்டேங்குதுன்னு லாயம் பூரா பேச்சு. என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதே. குதிரைக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் என்னமோ ஆடுது."

இன்னொரு பொய் சொல்ல வாயைத் திறந்தாள். உண்மைதான் வந்தது.

"பயமா இருக்குண்ணே. அந்தப் பள்ளத்தப் பாத்தாலே சாம்பல் என் மேல விழுற மாதிரியே தெரியுது. யார்கிட்டயும் சொல்லல."

லாடக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொல்றதையும் வெளிய விட்டுடாதே. கோடியில நிக்கறான் பாரு கறுப்பன், போன வருசம் ஒரு உதை விட்டான். ரெண்டு விலா போச்சு. இன்னைக்கு அவனுக்கு லாடம் மாத்தணும். காலையிலேந்து அவன் பக்கமே போகாம சுத்திட்டிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வெட்கமாக இருந்தது.

"நான் வேணா அவன் தலையப் புடிச்சுக்கவாண்ணே?"

"நிஜமாவா சொல்றே?"

முக்கால் மணி நேரம் கறுப்பனின் கழுத்தைத் தடவியபடி நின்றாள். அவன் பின்காலை மடியில் வாங்கும்போது லாடக்காரரின் மூச்சு நின்று நின்று வந்தது. கடைசி ஆணியை அடித்ததும் அவர் இடுப்பில் கட்டியிருந்த தோலாடையைக் கழற்றினார்.

"வா. இப்ப உன் பள்ளம்."

அவர் பள்ளத்தின் ஓரமாகப் போய் நின்றார். அவள் சாம்பலை முடுக்கினாள். இருபதடியில் அதே வியர்வை, அதே நாக்கு. ஆனால் லாடத்தின் மேல் பழி போட இன்று வழியில்லை. லாடம் அடித்தவரே அங்கே நிற்கிறார். கண்ணெதிரே பள்ளம் வாயைப் பிளந்தது. சாம்பல் எழும்பியது. ஒரு கால் சேணத்து மிதிவளையத்திலிருந்து நழுவ, பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்து மூட்டை மாதிரித் தொங்கிக்கொண்டு அக்கரை சேர்ந்தாள்.

திரும்பிப் பார்த்தால், லாடக்காரர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"தாண்டிட்டியா?"

"தாண்டிட்டேண்ணே! நீங்க பாக்கலயா?"

"எங்க பாக்கறது, உசுரே போயிடுச்சு. இன்னொரு வாட்டி தாண்டு, பாக்கறேன்."

அடுத்த முறையும் அவர் பார்க்கவில்லை. நான்காவது முறைதான் ஒரு கண்ணைத் திறந்தார்.

புதிய பருவத்தின் முதல் போட்டியன்று காலை, குதிரைகளை ஏற்றிவந்த வண்டிக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள். காட்டுப்பாதையின் புறப்படும் கோட்டில் சாம்பலை நிறுத்தினாள். கொடி பிடித்த அம்மாள், "தயாராம்மா?" என்று கேட்டார்.

"பயமா இருக்கு."

"போறியா, இல்லையா?"

"போறேன்."

கொடி இறங்கியது. பள்ளத்தைத் தாண்டினாள், நீர்த்தடையில் சாம்பல் ஒருமுறை முரண்டு பிடித்தது. முப்பத்தொரு பேரில் பதினான்காவதாக வந்தாள். இறங்கியபோதும் கைகள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அந்தக் கையாலேயே அடுத்த போட்டிக்குப் பெயர் எழுதிக் கொடுத்தாள்.