வயர் சொருகிய ரேடியோ

நான் குவைத்தில் டிரைவராக இருந்தேன். புத்தூரில் இருந்த நைனா ஞாயிறுதோறும் சென்னை வானொலியின் நேயர் விருப்பத்தை டேப்பில் பிடித்து, ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடிப்பதால் பாட்டோடு அவர் இருமலும் பேச்சும் சேர்ந்தே வரும். "டேய், இந்தப் பாட்டு உங்கம்மாக்கு ரொம்ப இஷ்டம்டா" என்பார் நடுவில். அறைக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

லீவில் வந்தபோது திருப்பதியில் கடைகடையாக ஏறி இறங்கி, வயர் போட்டுப் பதிகிற டிஜிட்டல் ரெக்கார்டராகப் பார்த்து வாங்கினேன். ரேடியோவின் இயர்போன் துளையில் வயரைச் சொருகிக் காட்டினேன்.

"இனிமே உன் சத்தம் விழாது, நைனா."

அவர் தலையாட்டினார்.

அப்புறம் இரண்டு வருடம் மெமரி கார்டுகள்தான் வந்தன. பாட்டு அவ்வளவு சுத்தம். பழைய டேப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

நைனா இறந்து, அவர் காரியத்துக்கு நான் வந்தபோது அம்மா அந்த ரேடியோவை எடுத்து வந்து வைத்தாள்.

"வயர சொருவினா இதுல சத்தமே வராதுடா. கடியாரத்தப் பாத்துக்கினு ஒரு மணி நேரம் சும்மா குந்திக்கினு இருப்பாரு. நீ கேக்க வாணாமான்னா, புள்ள கேட்டா போதும்பாரு."

அந்தத் துளையில் எதைச் சொருகினாலும் ஸ்பீக்கர் அடங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாக் கார்டுகளையும் போட்டுக் கேட்டுவிட்டேன். ஒன்றிலாவது ஓர் இருமல் இருக்காதா என்று.

பாட்டு மட்டும்தான் இருக்கிறது.