பதினொரு ரோஜாவும் கொசுறும்

ரஷ்ய இலக்கியத்தில் எம்.ஏ. படிக்கிறேன் என்றதும் "அதுக்கெல்லாம் வேலை கிடைக்குமா?" என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு இன்று ரஷ்யாவிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சரியாகச் செய்தால் வேலை தருவதாகப் பேச்சு.

காலையில் அவரை வரவேற்க ஸ்ரீபெரும்புதூர் பூக்கடையில் பதினொரு ரோஜா கேட்டேன். கடைக்கார அக்கா எண்ணிக் கட்டிவிட்டு, கொசுறாக இன்னொன்றைச் சொருகினார்.

"அது வேணாம்க்கா."

"இன்னாமா, கொசுறு வேணான்ற?"

"அவங்க ஊர்ல ரெட்டப்படையில பூ குடுத்தா அது செத்தவங்களுக்கு."

அக்கா யோசித்தார். "மொய்ல ஒத்த ரூபா சேத்து வெக்கிறோமே, அந்த மாதிரியா? அப்போ கொசுறு ரெண்டா வெச்சுக்கோ. கணக்கு சரியா கீதுல்ல?"

பதின்மூன்றை அங்கே சாத்தானின் டஜன் என்பார்கள். அதை விளக்குவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, இரண்டை உருவி என் தலையில் வைத்துக்கொண்டேன்.

கம்பெனி வாசலில் அந்த ரஷ்ய அம்மா பூங்கொத்தை வாங்கி, பதினொன்றையும் கண்ணாலேயே எண்ணி, நன்றி சொன்னார். பிறகு என் பின்னலில் இருந்த இரண்டையும் பார்த்து, தாழ்ந்த குரலில் ரஷ்ய மொழியில் கேட்டார்: "உங்கள் வீட்டில் யார் இறந்துபோனார்கள்?"

பக்கத்தில் நின்ற மேனேஜர், "என்னம்மா சொல்றாங்க?" என்றார்.

"பூ ரொம்ப நல்லா இருக்காம் சார்."

மொழிபெயர்ப்பாளராக நான் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?