எதிர்வீட்டுக்காரரின் முகம்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். வீடு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், ஆற்றை ஒட்டி. பள்ளி விட்டு வந்ததும் வரைய உட்காருவேன். வரைந்ததெல்லாம் தாமிரபரணிதான். பாபநாசத்தில் பாறைகளுக்கு நடுவே இறங்குவது, ஆழ்வார்திருநகரிப் பக்கம் மணலில் மெலிந்து கிடப்பது. எந்தப் படத்திலும் ஓர் ஆள் இருக்க மாட்டார். முகம் எனக்கு வராது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு மார்கழியில் வந்த வெள்ளத்தில் ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. கீழறையில் இருந்த படங்கள் எல்லாம் சேற்றில் கிடந்தன. தண்ணீர் வடிந்த பிறகு அவற்றை மொட்டை மாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டுப் பெண் ஒரு போட்டோவைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். பீடி சுற்றிப் பிழைக்கிறவள். அவள் கணவர் பஸ் கண்டக்டர். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவரும் முன்பே இறந்துபோனவர். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து முகம் வெள்ளையாகக் கரைந்திருந்தது. சட்டைக் காலர் மட்டும் மிச்சம்.

"டீச்சர், இவுக முகத்த வரைஞ்சு தாங்க."

"நான் அவரப் பாத்ததே இல்லையே. வேற போட்டோ கிடையாதா?"

"ஆல்பம் பூரா ஒட்டிப்போச்சு. ஆதார் கார்டுல ஒண்ணு இருக்கு. அது யாரோ, இவுக இல்ல. நான் சொல்லுதேன், நீங்க வரையுங்க."

மறுக்க மனம் வரவில்லை. சாயங்காலம் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல நான் பென்சிலால் வரைந்தேன். முதல் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"இதுல சிரிக்காகளே. இவுக சிரிக்க மாட்டாக. சிரிப்பு வந்தா உதட்டக் கடிச்சிக்கிடுவாக."

மூக்கு, நெற்றி என்று அவள் வரிசையாகச் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தபோது காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டதையும், நாங்குநேரிக்குப் போன பஸ்ஸில் பெண்டாட்டிக்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்ததையும் சொன்னாள். கேட்டுக்கொண்டே அழித்து அழித்து வரைந்தேன். ஒருநாள் புருவத்தைக் கொஞ்சம் தூக்கியதும் அவள் கை பீடி இலையிலேயே நின்றுவிட்டது.

"ஆங்... இவுகதான்," என்றாள்.

பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து அவள் மகள் வந்தாள். சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, நான் நிற்பதையும் மறந்து கேட்டாள்:

"இது யாரும்மா? அப்பா மாதிரியே இல்லையே."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் அம்மா அசரவில்லை.

"உங்கப்பா மாதிரி எப்படிட்டி இருக்கும்? நீ பொறக்கதுக்கு முன்னாடி இருந்த ஆளு இது. இவுகள நீ எங்கன பாத்த?"

மகள் படத்தின் பக்கத்தில் போய் நின்றாள். "அப்பா இவ்வளவு ஒல்லியாவா இருந்தாக?" என்றாள். அம்மா காபிக் கதையை மறுபடி ஆரம்பித்தாள்.

சேறு படிந்த என் ஆற்றுப் படங்களில் சிலதைத் துடைத்து மீட்டேன். மற்றவற்றின் மேல் வெள்ளை அடித்து, அவற்றிலேயே இப்போது ஆட்களை வரைகிறேன். தெருவில் பூக்கட்டுகிறவர், எங்கள் பள்ளி வாட்ச்மேன். வரைவதற்கு முன்னால் அவர்களைப் பேசவிடுகிறேன். வாட்ச்மேன் அண்ணாச்சி பேச்சை நிறுத்துவதே இல்லை. அவர் படம் இன்னும் பாதியில் நிற்கிறது.