காய்ச்சல்கார லேப்டாப்

லேப்டாப்புக்கும் காய்ச்சல் வரும் என்று பதிமூன்று வயது வரைக்கும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை, பள்ளிக்கூடத்தில் நாலு பேரை உட்காரவைத்துப் பாடமே எடுத்திருக்கிறேன். இப்போது ஆபீசில் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்துச் சொன்னது யார் என்று அவர்களுக்குத் தெரியாதே.

சொன்னது என் அப்பா. திண்டுக்கல் ஜில்லாவில் ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு மாட்டுத் தரகு. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் நின்று விலையை முடித்துக் கொடுக்கிற வேலை. பத்தடி தள்ளி நின்றே எந்தக் காளை எந்தக் காலில் நொண்டப் போகிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு லேப்டாப்பின் வயிற்றில் கையை வைத்து, இதற்கு உடம்பு சரியில்லை என்றால் நான் எப்படி நம்பாமல் இருப்பேன்?

எல்லாம் ஒரு குதிரையால் வந்தது. ஏழாம் வகுப்புப் பரீட்சை லீவுக்குத் திண்டுக்கல்லில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா மகன் காலேஜ் படித்தான். அவன் லேப்டாப்பில் ஒரு கேம் வைத்திருந்தான். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. பெரிய புல்வெளி, அதற்கப்பால் மலை, மலை மேல் பனி. நடுவில் ஒரு செம்பட்டைக் குதிரை. அதன் மேல் ஏறிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம், போகாமல் சும்மாவும் நிற்கலாம். நின்றால் புல் அசையும், பொழுது சாயும், குதிரை தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும். செத்த நேரம் என்று உட்கார்ந்தவள், அத்தை மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய மூன்றாம் நாள் எனக்கு அம்மை போட்டது. உள்ளறையில் வெள்ளை வேட்டி விரித்து, சுற்றிலும் வேப்பிலை போட்டுப் படுக்கவைத்தார்கள். வீட்டில் தாளிப்பு நின்றுபோனது. அரிப்பும் காந்தலுமாகக் கண்ணை மூடினால் குதிரை வந்தது. சுவரில் வேப்பங்கொத்தின் நிழல் அசையும், அது புல்வெளியாகும். குதிரை அதற்குள்ளிருந்து சத்தமில்லாமல் நடந்து வந்து, சில்லென்ற மூக்கை என் நெற்றியில் வைக்கும். பகலா ராத்திரியா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சில்லிப்பு மட்டும் இன்னும் நெற்றியில் இருக்கிறது.

அப்படி ஒரு மயக்கத்தில், என்ன வேண்டும் என்று அம்மா கேட்டிருக்கிறாள். குதிரை இருக்கிற லேப்டாப் வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கம் அம்மை கண்ட பிள்ளை வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டால் அது பிள்ளை கேட்டதில்லை, மாரியாத்தா கேட்டது. இளநீரோ நுங்கோ கேட்டிருந்தால் யாருக்கும் கஷ்டமில்லை. பக்கத்து வீட்டு அத்தை மட்டும், ஆத்தாளுக்கும் காலம் மாறிப்போச்சு என்று வாசலில் நின்று சிரித்தாளாம். அம்மா சிரிக்கவில்லை. பிளஸ் டூ போனால் கவர்மெண்டே லேப்டாப் தருமே, அதுவரைக்கும் ஆத்தா பொறுத்துக்கொள்ள மாட்டாளா என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள். அதற்கு இன்னும் ஐந்து வருஷம் கிடந்தது. அப்பா என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடியட்டும், கட்டாயம் வாங்கித் தாரேன் என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா என்னைக் கும்பிட்டது அந்த ஒரே தடவைதான்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி, கொப்புளமெல்லாம் ஆறிய பிறகு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பழைய லேப்டாப் விற்கிற கடை. கடைக்காரர் வத்தலக்குண்டுப் பக்கத்துக்காரர், அப்பா வயதுதான். குதிரை கேம் ஓடுவதற்கு என்னவெல்லாம் வேண்டும் என்று மாமா மகன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தான்: இத்தனை ரேம், கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் என்று. அவர் அதைப் படித்துவிட்டு உள்ளேயிருந்து கனமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமா மகன் கேம் ஏற்றிக் கொடுத்த பென்டிரைவைச் செருகிப் போட்டுக் காட்டினார்.

குதிரை ஓடியது! கால் தரையில் படாமல் ஓடியது. புல் இரண்டு பக்கமும் விலகியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. லேப்டாப்புக்குள் ஃபேன் ஒன்று உஸ் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார். நெற்றியைத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வலது கையை நீட்டி அதன் மேல் துண்டைப் போட்டார். சந்தையில் விலை கேட்கிற முறை அது. துண்டுக்கு அடியில் இரண்டு பேர் கைகளும் இருக்கும், விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. லேப்டாப் கடையில் துண்டு போடுகிறாரே என்று எனக்கு மானமே போயிற்று. காலேஜ் அக்காக்கள் இரண்டு பேர் வேறு நின்றுகொண்டிருந்தார்கள். கடைக்காரர் சிரிப்பார் என்று பார்த்தால், அவரும் துண்டுக்குள் கையை விட்டார். துண்டு கொஞ்சம் அசைந்தது. அப்பா முகம் அப்படியேதான் இருந்தது.

பிறகுதான் அப்பா இடது கையை லேப்டாப்புக்கு அடியில் கொடுத்துத் தடவிப் பார்த்தார்.

"காயுதே தாயி" என்றார். "மேமூச்சு கீமூச்சு வாங்குது பாரு. இப்பத்தான் உனக்கு உடம்பு குளுந்திருக்கு. காய்ச்சக்காரச் சாமான வீட்டுக்குக் கொண்டு போலாமா?"

கடைக்காரர், "அண்ணே, கேம் ஓட்டுனா சூடாகத்தான்..." என்று ஆரம்பித்தார். துண்டுக்குள் அவர் கையை அப்பா இன்னும் விடவில்லை. அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆமா பாப்பா, இது ஆகாது" என்றார்.

அடுத்து ஒன்று வந்தது. ஏதோ ஆபீசில் உழைத்து ஓய்ந்த கறுப்பு லேப்டாப். ஓரத்தில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. அப்பா என் கையைப் பிடித்து அதன் அடியில் வைத்தார். குளுகுளுவென்று இருந்தது. சத்தமே இல்லை. துண்டு மறுபடி போனது, இந்தத் தடவை ரொம்ப நேரம் ஆகவில்லை. சூட்டோடு கிடந்து எழுந்தவளுக்கு அந்தச் சில்லிப்பே போதுமாக இருந்தது. கனவில் வந்த குதிரை மூக்கும் இப்படித்தானே இருந்தது என்று, சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் போட்டால் குதிரை நடந்தது. நடந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பட்டனை அழுத்தினால் கொஞ்சம் யோசிக்கும், பிறகு ஒரு கால் எழும். அந்தக் கால் அந்தரத்தில் நிற்கும்போது நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். புல் ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்ந்தபடியே கிடக்கும். பொழுது இறங்கவே இறங்காது. மிச்ச லீவு முழுக்க நான் அந்த மஞ்சள் வெளிச்சத்திலேயே இருந்தேன். குதிரையின் ஒவ்வொரு மயிரையும் எனக்குத் தெரியும். மலைக்குப் போய்ச் சேர்ந்ததே இல்லை.

மாமா மகன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். உன் லேப்டாப்புக்குக் காய்ச்சல், முதலில் வேப்பிலை வை என்று நான் அவனுக்குச் சொன்னேன். பாவம், வியாதிக்காரச் சாமானை வைத்துக்கொண்டு என்ன பேச்சுப் பேசுகிறான் என்று பரிதாபமாகக்கூட இருந்தது.

ஒரு சாயங்காலம் அப்பா என் பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவாப் போகுதே தாயி" என்றார். அவர் குரல் என்னவோ போல இருந்தது.

"காய்ச்சல் இல்லாத குதிரைப்பா. நிதானமாத்தான் போகும்" என்று அவருக்குத் தைரியம் சொன்னேன். அப்பா என் தலையில் கையை வைத்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று உடனே வெளியே போய்விட்டார்.

லீவு முடிவதற்குள் ஒரு நாள், ஒட்டன்சத்திரம் சந்தைக்கு என்னையும் கூட்டிப்போனார். வெயிலில் ஒரு மயிலைக்காளை நின்றது. வாங்க வந்தவர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார், முதுகைத் தடவினார். அவர் கூடவே என் வயதில் ஒரு பையன் காளையின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றான். காளையும் அவனுக்குக் கழுத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்பா துண்டு போட்டார். துண்டு அசைந்தது. அந்த ஆள் கையை உருவிக்கொண்டு, "ஏனுங்க, மாட்டுக்கு மூச்சு இளைக்குதுங்க. நமக்கு ஆகாதுங்க" என்று பையனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். அப்பா மறுபேச்சுப் பேசாமல், ஆமாங்க என்றார்.

அவர்கள் நகர்ந்ததும் நான் அப்பாவிடம், மாட்டுக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். நல்ல மாடுதான், வெயிலில் நடந்து வந்தால் இளைக்காதா என்றார்.

"அப்ப அந்தாளுக்கு மாடு பாக்கவே தெரியலையாப்பா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நல்லாத் தெரியும். கூட மகன் நிக்கிறான்ல தாயி."

மகன் நிற்பதற்கும் மாடு இளைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பையன் திரும்பித் திரும்பிக் காளையைப் பார்த்துக்கொண்டே போனான். அவன் அப்பா அவன் தோளில் கையைப் போட்டிருந்தார். என் அப்பாவும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து, மாங்காய்க் கீற்று விற்கிறவரைக் காட்டினேன்.